சான்றோர் பெயர்: கன்னியம்மா

1

எங்கள் ஊர்த் தமிழர் சங்கத்துக்கு இது ஐந்தாம் ஆண்டு. எங்கள் ஊர் என்றால் அம்பத்தூர் இல்லை, டொராண்டோ. வந்து ஏழு வருஷமாகியும் 'எங்கள் ஊர்' என்று எழுதும்போது பேனா ஒரு நொடி நிற்கத்தான் செய்கிறது. நிற்கட்டும். ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்கள். மலருக்காக வீட்டுக்கு வீடு ஒரு படிவம் வந்தது.

இந்த நாட்டில் எதற்குத்தான் படிவம் இல்லை? குழந்தைக்கு ஊசி போடப் படிவம், குளியலறைக் குழாய் ஒழுகினால் படிவம், நூலகத்தில் புத்தகம் எடுக்கப் படிவம். நம் ஆட்களும் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். சங்கத்துப் படிவத்தில் மூன்று கேள்விகள். உங்கள் வாழ்க்கைக்கு வழிகாட்டிய பொன்மொழி எது? அதைச் சொன்ன சான்றோர் பெயர் என்ன? அதனால் நீங்கள் அடைந்த பயன் என்ன?

உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிப் போட்டுவிட்டேன். நான்காம் நாள் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸஸ் தாமோதரன், உங்க படிவம் கெடச்சுது. ஒரு சின்னச் சந்தேகம். இந்தக் கன்னியம்மாங்கறது யாரு? பழைய காலத்துப் புலவரா?"

"இல்லீங்க. அம்பத்தூர்ல எங்க தெருவுல இருக்கறவங்க. சித்தாள் வேலை. கட்டடத்துக்குச் செங்கல் சுமப்பாங்க."

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மலரு நம்ம ஊருக்கெல்லாம் போகுதும்மா. பெரிய பெரிய ஆளுங்க கையில போய்ச் சேரும். அதுல குழாயடி, குடம்னு போட்டா நல்லாவா இருக்கும்? சும்மா ஒரு வரிதானே. யாராவது பெரியவங்க சொன்னதா ஒண்ணு மாத்திக் குடுத்துடுங்களேன். இல்லேன்னா நானே நல்லதா ஒண்ணு பார்த்துப் போட்டுடறேன். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

'சும்மா', 'கொஞ்சம்' என்ற இரண்டு வார்த்தைகளையும் ஒருவர் ஒரே மூச்சில் சொன்னால் எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சங்க மலருக்கு ஆகாதது உங்கள் பத்திரிகைக்காவது ஆகுமா என்று பாருங்கள்.

"மாத்த மாட்டேங்க," என்றேன்.

"அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. புதுப் படிவம் ஒண்ணு அனுப்பி வைக்கிறேன்," என்று வைத்துவிட்டார்.

2

நான் திருநின்றவூர்க்காரி. அப்பா தபால் ஆபீசில் குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள் என்ற கர்வம் எனக்கு உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்தேன். என் கணவர் அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் லேத் மெஷின் ஓட்டினார். அப்போது எஸ்டேட்டில் திரும்பின பக்கமெல்லாம் ஷெட் எழும்பிக்கொண்டிருந்தது. காலையில் சைக்கிள் மணிச் சத்தம், நாள் பூராவும் செங்கல் தூசி.

எங்கள் தெருமுனையில் ஒரு குழாய். விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஏழுக்கு நின்றுவிடும். சில நாள் ஆறரைக்கே நின்றுவிடும். அதற்கு முன்பே குடங்கள் வந்து உட்கார்ந்துவிடும். பித்தளை, அலுமினியம், மண் என்று வகை வகையாக. குடம் தரையில் இருந்தால் ஆளே நிற்பதாகக் கணக்கு. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாம், அடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்கிறவள் உங்கள் குடத்தைத் தரையோடு தரையாகக் காலால் தள்ளிவிடுவாள். ஆனால் அடுத்தவள் குடத்தை யாரும் கையால் தூக்க மாட்டார்கள். தூக்கினால் தலைமயிர் மிஞ்சாது. இதெல்லாம் எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

கன்னியம்மா எங்கள் தெருவுக்குப் பின்னால் குடிசையில் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். எஸ்டேட்டில் எழும்பின ஷெட்டுகளுக்குச் செங்கல் சுமந்தவள். வாயைத் திறந்தால் குழாயடியே அவள் பக்கம் திரும்பும். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளி நிற்பேன். அவள் பேச்சு எனக்குக் காது கூசும். நான் அப்படிப்பட்டவளாகத்தான் இருந்தேன்.

மல்லிகா பிறந்து நான்கு மாதம் இருக்கும். ஒரு நாள் என் குடத்துக்கு முன்னால் மூன்றே குடம். மாடி வீட்டம்மா இரண்டு குடங்களோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். தெருவில் யாரோடும் பேசாத அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீதாம்மா இங்க படிச்ச பொண்ணு, உங்கிட்டதான் கேக்க முடியும். கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோயேன். சும்மா ரெண்டே குடம். புடிச்சதும் போயிடறேன்."

படித்த பெண் என்றதும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றேன். அவர் இரண்டு குடம் பிடித்தார், வேலைக்காரப் பெண் இன்னும் இரண்டு கொண்டுவந்தாள், அதையும் பிடித்தார். நிமிர்ந்து பார்க்கிறேன், பின்னாலிருந்த குடங்களெல்லாம் முன்னால் வந்து இடைவெளி மூடிவிட்டது. என் குடத்தை வைக்கப் போனால் வைக்க இடம் இல்லை.

"இது என் இடங்க," என்றேன்.

"இன்னாம்மே, ஊட்டுக்குத்தான கெளம்பினே?" என்றாள் ஒருத்தி.

நான் நியாயம் பேசினேன். எப்போது வந்தேன், யாருக்குப் பின்னால் நின்றேன், யார் கேட்டு ஒதுங்கினேன் என்று பள்ளிக்கூடத் தமிழில் வரிசையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மாதான் அதிகம் சிரித்தாள். அவமானத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.

கன்னியம்மா தன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"யக்கா, எங்கிட்ட தண்ணி கேக்காத, தர மாட்டேன். எங்க ஊட்ல ஏழு பேரு. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. கொடம் தரையில கீற வரிக்கும் எடம் உன்னுது. இடுப்புல ஏத்திக்கினா நீ ஊட்டுக்குப் போறவ, அவ்ளோதான். நாயம் பேசி எடத்தப் புடிச்சவ இந்தக் கொழாயாண்ட ஒருத்தி கெடையாது. உனுக்குப் பேச வரலேன்னா பேசாத. கொடத்த மட்டும் தூக்காத."

தண்ணீர் தராமல் அறிவுரை தருகிறாளே என்று எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. அன்றைக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீரில்தான் மல்லிகாவின் துணிகளை அலசினேன்.

மறுநாள் மாடி வீட்டம்மா மறுபடியும் வந்தார். அதே சிரிப்பு, அதே 'கொஞ்சம்'. நான் பதில் பேசவில்லை. குனிந்து குடத்தின் வாயில் ஒரு கையை வைத்துக்கொண்டேன். "படிச்ச பொண்ணு மாதிரியா இருக்கே?" என்றார். கை எடுக்கவில்லை. என் முறை வந்தது, பிடித்தேன், வீட்டுக்கு வந்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

3

கனடாவுக்குப் புறப்பட்டபோது, எழுபத்தொன்றில், ரவிக்கை தைக்கப் பூந்தமல்லிக்குப் போனேன். கரையான்சாவடிப் பக்கம் ஒரு பாயின் கடை. பாய் டேப்பைப் போட்டு அளவெடுக்கும்போது நான் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெளிநாட்டுக்குப் போகிறவள் ஒல்லியாகத் தெரிய வேண்டாமா?

பாய் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"மூச்ச வுடுங்கம்மா. இப்ப புடிச்சுக்கினீங்கன்னா அப்புறம் இந்த ரவிக்கையப் போடும்போதெல்லாம் புடிச்சுக்கினே இருக்கணும். அளவு எடுக்கச்சொல்ல எப்பிடி கீறீங்களோ அப்பிடி நில்லுங்க. தைக்கிறது என் வேல."

அன்றைக்கு இதைக் கேட்டு நானும் சிரித்ததோடு சரி. ஆறு வருஷம் கழித்து வேறொரு நாட்டில் இது எனக்குக் கைகொடுக்கும் என்று யார் கண்டது?

4

இங்கே எங்கள் நாள் இப்படித்தான் போகும். அவர் விடியற்காலை ஆறு மணிக்கே மெஷின் ஷாப்புக்குப் போய்விடுவார். மல்லிகா எட்டரைக்குப் பள்ளிக்கு. எனக்கு வேலை மதியத்துக்கு மேல், ஒரு ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் இடத்தில். படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். என்னோடு எதிர்முனையைப் பிடித்து மடிப்பவள் க்ளாரா, ஜமைக்காவிலிருந்து வந்தவள். நான் பேசும் இங்கிலீஷ் அவளுக்குப் புரியும், அவள் பேசுவது எனக்குப் புரியும். மற்றவர்களிடம்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனதில் வாக்கியம் சுத்தமாக இருக்கும், வாய்க்கு வரும்போது பாதி வார்த்தை வழியிலேயே இறங்கி ஓடிவிடும்.

மல்லிகா நான்கு வயதில் வந்தவள். முதல் இரண்டு வருஷம் தமிழ் பேசினாள். பிறகு நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வந்தது. பிறகு தோளைக் குலுக்குவதே பதிலானது. பள்ளிக்கு இட்லி கொண்டுபோவதை நிறுத்தினாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். நான் கடையில் வாயைத் திறந்தால் அவள் காது சிவந்துவிடும். குழாயடியில் கன்னியம்மா பேசும்போது எனக்கு அப்படித்தானே இருந்தது? நினைத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

போன வருஷம், அவளுக்குப் பத்து வயதில், பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏதோ சோதனை வைத்தார்களாம். மல்லிகா மெதுவாகக் கற்கும் பிள்ளையாம். வேறு கட்டடத்தில் இருக்கும் தனி வகுப்புக்கு மாற்றினால் நல்லதாம். அங்கே கைவேலை சொல்லித் தருவார்களாம், பாடச் சுமை குறைவாம். கிறிஸ்துமஸ் வரை மட்டும், தற்காலிகமாக. பெற்றவர் கையெழுத்து வேண்டும்.

மல்லிகாவைப் பிடித்து உட்காரவைத்து என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். ஒரு வீட்டின் படத்தைக் காட்டி இதில் என்ன குறைகிறது என்று கேட்டார்களாம். கூரையில் புகைபோக்கி இல்லை, அதைச் சொல்ல வேண்டுமாம். இவள் சொன்னது: "வாசல்ல செருப்பே இல்ல." அவள் அறிந்த வீடுகளெல்லாம் அடுக்குமாடியில் இருப்பவை. நம் ஆட்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே எப்போதும் ஆறு ஜோடியாவது கிடக்கும். புகைபோக்கியை எங்கே கண்டாள் அவள்? ஆனால் தாளில் தப்பு என்று போட்டுவிட்டார்கள்.

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாதா? கிறிஸ்துமஸ் வரைக்கும்தானே. மல்லுக்கட்ட வேணாம், கையெழுத்துப் போட்டுட்டு வா," என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டறையில் மெஷினை விட்டு நகராமலிருந்து பழகியவர். சண்டை என்றால் ஒதுங்கிப் போய்விடுவார்.

மறுநாள் விரிப்பு மடிக்கும்போது க்ளாராவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முனையைக் கீழே விட்டுவிட்டாள். அவள் மகனையும் அந்த வகுப்புக்குத்தான் அனுப்பினார்களாம், ஈஸ்டர் வரை என்று சொல்லி. மூன்று ஈஸ்டர் போய்விட்டது, பையன் இன்னும் அங்கே மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான். "உள்ளே போகிற கதவை எனக்குக் காட்டினார்கள்," என்றாள் க்ளாரா, "வெளியே வருகிற கதவை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்."

5

பிரின்சிபால் நல்ல மனிதர். இதை எழுதத்தான் வேண்டும். எழுந்து நின்று கை கொடுத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், குளிருக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டார். மல்லிகாவை என் பக்கத்தில் உட்காரவைத்தார், எனக்கு மொழிபெயர்க்க. தன் தலையெழுத்தைத் தானே மொழிபெயர்க்கும் வேலை என் பத்து வயதுப் பெண்ணுக்கு.

அவர் பேசினார், பேசினார், மேசைமேல் படிவத்தை என் பக்கம் தள்ளினார். பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மல்லிகா மொத்தத்தையும் சுருக்கிச் சொன்னாள்:

"சும்மா கொஞ்ச நாள்தான்னு சொல்றார், அம்மா. ப்ளீஸ், ஸைன் பண்ணிடு. எல்லாரும் பாக்கறாங்க. வீட்டுக்குப் போலாம்."

சும்மா. கொஞ்சம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அம்பத்தூர்க் குழாயடியில் நின்றேன். கையில் குடம் இருப்பதுபோலவே இருந்தது. நான் இங்கிலீஷில் நியாயம் பேசினால் இவரிடம் ஜெயிப்பேனா? புகைபோக்கி, செருப்பு, அடுக்குமாடி, க்ளாராவின் மகன் என்று எதை எந்த வரிசையில் சொல்வேன்? முதல் வாக்கியத்திலேயே தடுக்கி விழுவேன். உனக்குப் பேச வரவில்லை என்றால் பேசாதே. சொன்னாளே, மகராசி.

பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.

"நோ," என்றேன். "ஷீ ஸ்டே."

அவர் மறுபடி விளக்கினார். நான் மறுபடி அதையே சொன்னேன். மூன்றாம் முறை மல்லிகா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள் என்றார் அவர். நாளைக்கும் வந்தேன். அலுவலக அறைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு இருந்தது, அதில் உட்கார்ந்தேன். அலுவலகப் பெண் வந்து எதற்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டாள்.

"மை டாட்டர் கிளாஸ்," என்றேன். "அயம் ஸிட்டிங்."

எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து வேலைக்குப் போனேன். அடுத்த நாளும் அப்படியே. மணி அடித்ததும் பிள்ளைகள் தாழ்வாரத்தில் போவார்கள். மல்லிகா தன் சிநேகிதிகளோடு வந்தாள். என் புடவையைப் பார்த்து ஒருத்தி ஏதோ கேட்டாள். மல்லிகா என்னைத் தெரியாதவள்போல் நேராகப் பார்த்துக்கொண்டு கடந்து போனாள்.

அது வலிக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். அந்த நிமிஷம் எழுந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று வந்தது. மாடி வீட்டம்மாவின் 'படிச்ச பொண்ணு மாதிரியா இருக்கே' வலித்ததைவிட நூறு மடங்கு. ஆனால் எழுந்தால் நான் வீட்டுக்குப் போகிறவள். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் அலுவலகப் பெண் ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். பத்து மணிக்குப் பிரின்சிபால் உள்ளே கூப்பிட்டார். மல்லிகா இருக்கிற வகுப்பிலேயே இருக்கட்டும், இரண்டு மாதம் கழித்து வேறொருவரைக் கொண்டு மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்றார். "தேங்க் யூ," என்றேன். அவர் கொடுத்த காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், எழுத்தெழுத்தாகப் படித்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதமும் என் கணவர் மல்லிகாவுக்குப் பயிற்சி கொடுத்தார். வீடு என்றால் புகைபோக்கி என்று சொல், அவர்கள் எதைக் கேட்டாலும் அவர்கள் மாதிரியே சொல். பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. சோதனைக்கு முந்தின நாள் அவளைக் கூப்பிட்டேன். அதுவரை அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

"அப்பா சொன்னதெல்லாம் மறந்துடு. தெரிஞ்சதத் தெரிஞ்ச மாதிரி சொல்லு. மூச்ச விட்டுட்டு நில்லு," என்றேன்.

"வாட்?" என்றாள்.

பூந்தமல்லிப் பாய் கதையைச் சொன்னேன். என் வயிற்றை எக்கிக் காட்டினேன். பல மாதங்களுக்குப் பிறகு என் வீட்டில் அவள் சிரித்தாள்.

இந்தத் தடவை வந்தது ஒரு பெண்மணி. அதே வீட்டுப் படம். மல்லிகா மறுபடியும் செருப்பு இல்லை என்றே சொன்னாளாம். அந்தப் பெண்மணி ஒரு வார்த்தை கேட்டாளாம்: "ஏன்?" முதல் தடவை வந்தவர் அதைக் கேட்கவில்லை. இவள் விளக்கியிருக்கிறாள். அவள் எழுதிக்கொண்டாளாம். மல்லிகாவை மாற்ற வேண்டியதில்லை என்று கடிதம் வந்தது. அவள் ஒன்றும் முதல் மாணவியாகிவிடவில்லை, கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் தேறினாள். ஆனால் அவள் இடத்தில் இருந்து தேறினாள்.

6

இந்தக் கோடையில் தம்பி கல்யாணத்துக்குத் திருநின்றவூர் வந்தோம். ஒரு நாள் ரயிலேறி மல்லிகாவோடு அம்பத்தூரில் இறங்கினேன். எங்கள் பழைய தெருவில் குழாய் இருந்த இடத்தில் அடிபம்பு இருந்தது. குடிசைகள் இன்னும் பின்னால் தள்ளிப் போயிருந்தன. கன்னியம்மாவைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரமாயிற்று. தலையிலிருந்த சும்மாட்டைக்கூடக் கழற்றாமல் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"யாரு... யக்காவா! கனடாக்குப் போன யக்காவா! இன்னா இப்பிடி வெளுத்துட்டே? இதான் உன் பொண்ணா? இம்மாம் ஒசரம் வளந்துட்ச்சே!"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அன்றைக்குச் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னேன். கன்னியம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"நானா சொன்னேன்? இன்னா எழவோ. கொழாயாண்ட ஆயிரம் பேசுவோம், யாரு ஞாபகம் வெச்சிக்கினு கீறாங்க? கொடத்தத் தூக்கிக் குடுத்துட்டு அழுதவளுங்க எத்தினி பேரு!"

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவள் சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். பிறகு வேறு குரலில் சொன்னாள்:

"சொல்லியிருப்பேன், யக்கா. எங்கப்பன் அப்பிடித்தான் ஒரு தபா ஊட்டப் பிரிச்சான். ரோட்டோரம் கீற எடம். ஒரு கம்பெனிக்காரன் செவுரு கட்டணும், கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் போட்டுக்கங்க, செவுரு எழும்பினதும் வந்துடலாம்னான். எங்கப்பனே கைவுட்டுக் கூரையப் பிரிச்சான். நானும் கூடப் புடிச்சேன், சின்னப் பொண்ணு. அந்தச் செவுத்துக்குக் கூட நான்தான் அப்பால கல்லு சொமந்தேன். இன்னிக்கு வரிக்கும் யாரும் வான்னு கூப்பிடல."

இத்தனை வருஷமும் அதைக் குழாயடிச் சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அத்த வுடு," என்றாள். "அந்தப் பெஞ்சுல எத்தினி நாளு குந்திக்கினு இருந்தே?"

நான் சொல்லும் முன்னால் மல்லிகா மூன்று விரலைக் காட்டினாள். "மூணு நாள், ஆன்ட்டி. யார்கிட்டயும் சண்டையே போடல."

"மூணு நாளும் வாயத் தொறக்கலியா? கெட்டிக்காரி! நானா இருந்தா ரெண்டாம் நாளே அந்த ஆளக் கீசிட்டுக் காரியத்தக் கெடுத்திருப்பேன்!" கன்னியம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடிசை எட்டிப் பார்த்தது. மல்லிகாவின் காது சிவக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், சிவக்கவில்லை.

நேற்றுச் செயலாளரின் புதுப் படிவம் வந்தது. பொன்மொழி இருக்கும் கட்டத்தில் அவரே அழகான எழுத்தில் வேறெதையோ எழுதி, சான்றோர் பெயரையும் போட்டு அனுப்பியிருக்கிறார். கீழே என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. கூடவே தொலைபேசியும் வந்தது. கொஞ்சம் அனுசரித்துப் போகும்படி மறுபடி சொன்னார். ஒரு கணம் எனக்கும் தோன்றியது, போகட்டும், ஒரு வரிதானே, நம் ஆட்களோடு எதற்குப் பொல்லாப்பு என்று. கையில் பேனாகூட இருந்தது.

மல்லிகா மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அம்மா, தூக்காத," என்றாள். தமிழில்.

அவர் எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். சான்றோர் பெயர் கன்னியம்மா என்று எழுதினேன். இந்தத் தடவை தொழில் சித்தாள் என்றும், ஊர் அம்பத்தூர் என்றும் சேர்த்தேன். காலையில் தபாலில் போட்டாயிற்று. போட்டால் போடட்டும். இல்லை, மூன்றாவது படிவம் அனுப்பட்டும். எனக்கு வேலை மதியத்துக்கு மேல்தான். சங்க அலுவலகத்துக்கு வெளியிலும் ஒரு பெஞ்சு இருக்கிறது, பார்த்துவைத்திருக்கிறேன்.